எலி நீந்தினால் மனிதர் தேறிவிடுவாரா?

கண்ணாடி உருளை ஒன்றில் பாதிக்கு மேல் தண்ணீர், 25 டிகிரி சூட்டில். 20, 25 கிராம் எடையுள்ள வெள்ளைச் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கி அதில் விடுகிறார்கள். எலி சுவரைப் பிறாண்டும், வட்டமடித்து நீந்தும், ஏறப் பார்க்கும். பிடி கிடைக்காது, கால் தரைக்கு எட்டாது. சற்று நேரத்தில் மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு அசையாமல் மிதக்கத் தொடங்கும். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் அந்த மிதக்கும் வினாடிகளை எண்ணுகிறார். மொத்தம் 6 நிமிடம். முதல் 2 நிமிடம் கணக்கில் சேராது. முடிந்ததும் எலியைத் துண்டால் துவட்டிக் கூண்டில் விடுவார்கள். மருந்து கொடுத்த எலி குறைவாக மிதந்து கூடுதலாக நீந்தியிருந்தால், அந்த மருந்துக்கு மனச்சோர்வைப் போக்கும் குணம் உண்டு என்று ஆய்வேட்டில் எழுதப்படும்.

நம் ஊர் பார்மசி கல்லூரிகளில் எம்.பார்ம். படிப்பவர்களுக்கு இது பழகிப்போன சோதனை. நூலகத்தில் அடுக்கிவைத்திருக்கும் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரே வார்ப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வல்லாரையோ நீர்ப்பிரம்மியோ அமுக்கராவோ, ஏதோ ஒரு மூலிகையின் சாறு. ஒப்பிட்டுப் பார்க்க இமிப்ரமின் அல்லது ஃப்ளுவாக்ஸெட்டின். கூட்டத்துக்கு ஆறு எலி என்று நான்கைந்து கூட்டம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போயிருப்பார்கள். எலியைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்திருப்பார்கள். நொதி அடங்கியிருக்கிறது, எலி நீந்தியிருக்கிறது, ஆகவே மூலிகை மனச்சோர்வைத் தீர்க்கும். அங்கிருந்து அந்த வரி செய்தித்தாளுக்கும் யூடியூபுக்கும் போய், கடைசியில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கைபேசிக்கு வந்து சேருகிறது.

இந்த மூன்றில், நொதி பற்றிய பகுதி திடமான அறிவியல். நீச்சல் சோதனை, ஒரு சிறிய வேலைக்கு உதவும் கருவி. ‘ஆகவே’ என்று தொடங்கும் மூன்றாவது பகுதியைத்தான் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்ல அந்த நொதியின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

1928-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த மேரி ஹேர், கல்லீரலில் புதிய நொதி ஒன்றைக் கண்டார். டைரமின் என்ற பொருளை ஆக்ஸிஜனோடு சேர்த்துச் சிதைக்கும் நொதி அது. செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் போன்றவற்றையும் அதே குடும்பத்து நொதியே சிதைக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. நரம்பு முனைகளுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு, மிஞ்சிக் கிடக்கும் நரம்புக் கடத்திகளைத் துப்புரவு செய்வது இதன் வேலை. இன்று இதில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு என்று அறிவோம். கண்டுபிடித்து இருபத்து நான்கு ஆண்டுகள் வரை இந்த நொதிக்கும் மனதுக்கும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை. அந்த முடிச்சைப் போட்டது காசநோய்.

1952. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனை. இர்விங் செலிகாஃப், எட்வர்ட் ராபிட்செக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஐசோநியாசிட், இப்ரோநியாசிட் என்ற புது மருந்துகளைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் மூலப்பொருள் ஹைட்ரசின். ஜெர்மானியர்கள் ராக்கெட் எரிபொருளில் சேர்த்துவந்த அதே ஹைட்ரசின், போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்துவந்தது. மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகளுக்குப் பசி எடுத்தது, எடை கூடியது. சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து பேச்சும் சிரிப்புமாக வார்டில் நடமாடத் தொடங்கினார்கள். அவர்கள் நடனமாடும் புகைப்படம் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. நுரையீரல் தேறியதால் வந்த மகிழ்ச்சி என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியவில்லை. இப்ரோநியாசிட் சாப்பிட்டவர்களிடம் உற்சாகம் அளவுக்கு மிஞ்சியே இருந்தது. அதைப் பக்கவிளைவுப் பட்டியலில்தான் எழுதினார்கள்.

அதே ஆண்டு ஆல்பர்ட் ஸெல்லர் என்ற உயிர்வேதியியலாளர் இப்ரோநியாசிட் மோனோஅமைன் ஆக்சிடேஸை முடக்குகிறது என்று காட்டினார். 1957-இல் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையின் நேதன் கிளைன், மனச்சோர்வு உள்ளவர்கள் உட்பட, காசநோய் இல்லாத மனநோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் தேறினார்கள் என்று அறிவித்தார். மனச்சோர்வுக்கென்று மாத்திரை ஒன்று இருக்க முடியும் என்பதே அன்று புதிய செய்தி. மஞ்சள் காமாலை வருகிறது என்று சில ஆண்டுகளில் அந்த மாத்திரை அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டாலும், அது திறந்த வழி மூடவில்லை. (அதன் உடன்பிறப்பான ஐசோநியாசிட், சென்னைக்கு வேறு வழியில் வந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், ஐசோநியாசிடை பி.ஏ.எஸ். மருந்தோடு சேர்த்து வீட்டிலேயே கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதைப் போலவே குணமாகிறது என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அது தனிக் கதை.)

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மனிதர் தேறினார். பிறகு நொதி எது என்று தெரிந்தது. எலி அதற்கும் பிறகுதான் வந்தது. 1957-இல் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமினைக் கண்டதும் நோயாளிகளைக் கவனித்துத்தான்.

எலியைக் கொண்டுவந்தது நம் நாட்டுச் செடி. சர்ப்பகந்தி வேரைப் பைத்தியத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுக்கலாம் என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக்கொதிப்புக்கு அது கேட்கிறது என்று பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு, மேல்நாட்டுக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1952-இல் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தது. 1955-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம், ரெசர்பைன் மூளையின் செரட்டோனின் இருப்பைக் காலி செய்கிறது என்று கண்டது. ரெசர்பைன் ஊசி போட்ட விலங்கு கூனிக்குறுகி உட்காரும், உடல் குளிர்ந்துபோகும், கண்ணிமை சரிந்து தொங்கும். முன்கூட்டியே இப்ரோநியாசிட் கொடுத்திருந்தால் அதே விலங்கு சுருளாமல் துள்ளித் திரிந்தது. நொதியை முடக்கினால் நரம்புக் கடத்தி மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

இதிலிருந்து பிறந்ததுதான் முதல் சோதனை. ரெசர்பைன் போட்ட எலியின் இமை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார். புது மருந்து அதை உயர்த்தினால் அது மனச்சோர்வு மருந்து. சரிந்த இமையை மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே 1955-இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற மருத்துவர்கள் பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரெசர்பைனையே மருந்தாகக் கொடுத்து, ஒப்பீட்டுக் குழுவும் வைத்து, பலன் இருக்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். எலியை ‘மனச்சோர்வு’க்கு ஆளாக்கிய மருந்து மனிதருக்கு மனச்சோர்வு மருந்தாக இருந்திருக்கிறது! அந்தக் கட்டுரையைச் சட்டை செய்தவர்கள் குறைவு. எலிச் சோதனை மட்டும் கிடுகிடுவென்று பரவியது.

பழைய சாவியை அச்சாக வைத்துப் பூட்டு செய்துவிட்டு, இந்தப் பூட்டைத் திறப்பது மட்டுமே சாவி என்று சொன்னது போல ஆயிற்று. சோதனை, தெரிந்த மருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. தெரிந்த மருந்தைப் போன்ற மருந்தையே மறுபடி மறுபடி கண்டுபிடித்துக் கொடுத்தது. நோயாளிகளுக்குப் பலன் தந்துவந்த மியான்செரின், இப்ரின்டோல் போன்றவை ரெசர்பைன் சோதனையில் தோற்றன. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் நீச்சல் சோதனை. பிரான்ஸில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ரோஜர் போர்சோல்ட், 1977-இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார். எலிகள் மிதப்பதை, தப்பிக்கும் நம்பிக்கையைக் கைவிட்ட நிலையாக அவர் எடுத்துக்கொண்டார். மியான்செரினும் இப்ரின்டோலும் அதில் பிடிபட்டன. மலிவு, வேகம், கண்ணாடி உருளையும் தண்ணீரும் போதும். இதைவிட ஒரு ஆய்வகத்துக்கு என்ன வேண்டும்?

ஆனால் தண்ணீரில் விடப்பட்ட எலி மிதப்பது நம்பிக்கை இழந்ததால்தான் என்று யார் சொன்னது? சுவரில் ஏற முடியாது, மிதந்தால் மூழ்க மாட்டோம் என்று புரிந்துகொண்டு தெம்பை மிச்சம்பிடிக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டாம் முறை விடும்போது எலி சீக்கிரமே மிதக்கிறது என்பது அந்த இரண்டாம் விளக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. என் கணிப்பில் அது எலியின் புத்திசாலித்தனம்.

காலக் கணக்கும் உதைக்கிறது. மருந்து நொதியைச் சில மணி நேரத்தில் முடக்கிவிடும். எலி ஒரே ஊசியில், ஒரு மணி நேரத்துக்குள் கூடுதலாக நீந்தும். மனிதருக்கு அதே மருந்து வேலை காட்ட இரண்டு வாரம், நான்கு வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில் மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் மனச்சோர்வு ஆராய்ச்சியின் நடுக்கேள்வி. 6 நிமிடச் சோதனை அந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை. காபியில் உள்ள கஃபீனும் ஆம்ஃபிடமினும் எலியைத் துள்ளவைத்தே ‘மனச்சோர்வு மருந்து’ என்று பெயர் வாங்கிவிடும். அதனால்தான் எலி பொதுவாகவே எவ்வளவு ஓடுகிறது என்று தனியாக அளந்து கழிக்கச் சொல்கிறார்கள். இன்று உலகம் அதிகம் சாப்பிடும் ஃப்ளுவாக்ஸெட்டின் வகை மருந்துகளோ போர்சோல்ட் எலிகளுக்கு வைத்த மூலச் சோதனையில் சரியாகத் தேறவில்லை. நீந்துவதையும் ஏறுவதையும் தனித்தனியாக எண்ணும்படி 1990-களில் சோதனையை மாற்றிய பிறகே பிடிபட்டன. மருந்து வேலை செய்கிறது என்று மனிதர்களிடம் தெரிந்துவிட்டது. சோதனை மருந்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுத்தது.

விலங்கில் வென்று மனிதரிடம் தோற்றவற்றின் வரிசை நீளமானது. ஒன்று போதும். 1998-இல் மெர்க் நிறுவனம், சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்து மனச்சோர்வைப் போக்குகிறது என்று சயன்ஸ் இதழில் அறிவித்தது. தாயைப் பிரித்த கினிப்பன்றிக் குட்டிகளின் கத்தல் அதனால் அடங்கியது; முதல் மனிதச் சோதனையும் நம்பிக்கை தந்தது. பெரிய அளவில் மனிதச் சோதனைகள் நடத்தியபோது போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை, 2003-இல் கைவிட்டார்கள். அதே ஆண்டு அந்த மருந்து, புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்தியை நிறுத்த அனுமதி பெற்றது. இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது.

அப்படியென்றால் விலங்குச் சோதனையே வீணா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ரெசர்பைன் போட்ட முயல்களுக்கு எல்-டோபா கொடுத்து எழுப்பிய அர்விட் கார்ல்சன், அதன்வழி டோபமினின் வேலையைக் கண்டு 2000-இல் நோபல் பரிசு பெற்றார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து வந்தது அந்தப் பாதையில். ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் போட்டார்; அவை மந்தமாகிப் படுத்தன; அந்த நம்பிக்கையில் பித்து நோயாளிகளுக்குக் கொடுத்து 1949-இல் வெற்றி கண்டார். கினிப்பன்றிகள் மந்தமானது ஒருவேளை லித்திய நஞ்சால்தான் என்று பின்னால் பலர் சொன்னார்கள். தப்பான காரணத்துக்காகச் சரியான இடத்துக்குப் போன கதை; அதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது.

விலங்கு எங்கே உண்மையில் உதவுகிறது என்பதற்குக் கெட்டமின் நல்ல எடுத்துக்காட்டு. மயக்க மருந்தான அது மனச்சோர்வைச் சில மணி நேரத்தில் குறைக்கிறது என்பது 2000-இல் மனிதர்களிடம் தெரிந்தது. ஏன் இவ்வளவு வேகம் என்ற கேள்விக்குத்தான் சுண்டெலிக்குப் போனார்கள். 2011-இல் லிசா மான்டெஜியாவின் குழு, கெட்டமின் ஒரு குறிப்பிட்ட கைனேஸ் நொதியை அடக்குவதால் பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் உடனே உற்பத்தியாகிறது என்று காட்டியது. அந்த விளக்கம் முழுமையானதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். மருந்து உண்டா இல்லையா என்ற தீர்ப்பு மனிதரிடமிருந்து வந்தது, எப்படி என்ற விளக்கம் எலியிடம் தேடப்பட்டது. இது நேர்மையான வேலைப் பிரிவினை.

நொதியை மனித மூளையிலேயே அளக்கவும் இப்போது வழி இருக்கிறது. 1996-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜொவானா ஃபவுலர் பெட் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, புகைப்பவர்களின் மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி 40 சதவீதம் குறைவாக இருந்தது. பீடி, சிகரெட் தரும் இதத்துக்கு நிகோட்டின் மட்டும் காரணம் இல்லை என்று புரிந்தது. 2006-இல் டொரான்டோவில் ஜெஃப்ரி மேயரின் குழு, மருந்து சாப்பிடாத மனச்சோர்வு நோயாளிகளின் மூளையில் ஏ வகை நொதி சராசரியாக 34 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. பிள்ளை பெற்ற நான்கு முதல் ஆறாம் நாளில், அழுகையும் தவிப்பும் வரும் அந்த நாட்களில், தாயின் மூளையில் அதே நொதி 43 சதவீதம் உயர்ந்திருப்பதை 2010-இல் அந்தக் குழுவே காட்டியது. நொதி கூடுதலாகச் சிதைக்கிறது என்றால் நரம்புக் கடத்திகளின் மூலப்பொருளைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று, டிரிப்டோஃபன், டைரோசின், அவுரிநெல்லிச் சாறு கலந்த உணவைத் தாய்மார்களுக்குத் தந்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். பலன் தெரிந்தது. சிறிய ஆய்வு, போலி மாத்திரை வைத்த ஒப்பீடும் இல்லை. பெரிதாக நடத்திப் பார்க்க வேண்டும். ஆனால் தொடக்கமும் முடிவும் மனிதரிடம் இருக்கின்றன. எலி எதுவும் தண்ணீரில் விழவில்லை.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளின் மிதக்கும் நேரத்தைக் குறைக்கிறது, கூடுதல் அளவில் மோனோஅமைன் ஆக்சிடேஸையும் அடக்குகிறது என்று சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. குல்கர்னி குழு 2008-இல் எழுதியது. ஒழுங்காகச் செய்த ஆய்வு. ஆனால் வாய்வழியே போகும் குர்குமின் ரத்தத்தில் சேருவதே மிகக் குறைவு. அது பல ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்வதுபோலப் போக்குக் காட்டும் மூலக்கூறு என்றும் 2017-இல் வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்தார்கள். ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், தாராளமாக. மனச்சோர்வு மாத்திரைக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

மூலிகை ஆய்வேடுகள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. ஒரு சாறு மனித உடலிலும் இந்த நொதியை உண்மையாகவே முடக்குகிறது என்றால், அது மகிழ்ச்சிச் செய்தி மட்டும்தானா? 1963-இல் லண்டனில் பாரி பிளாக்வெல், இந்த நொதியை முடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பழைய பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் எகிறித் தலை வெடிப்பதுபோல வலிக்கிறது என்று எழுதினார். நொதி ஓய்ந்திருக்கும்போது உணவின் டைரமினைச் சிதைக்க ஆள் இல்லை. சிலர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார்கள். மருந்துக்கு எதிர்ப்புக் காட்டும் காசநோய்க்கு இன்று நம் நாட்டில் கொடுக்கும் லினசோலிட்கூட இந்த நொதியை லேசாக முடக்கும். ஃப்ளுவாக்ஸெட்டின் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கும்போது செரட்டோனின் மிஞ்சி நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம் என்று மருத்துவர்கள் கவனமாக இருக்கிறார்கள். மருத்துவமனை மருந்துக்கு இத்தனை எச்சரிக்கை. அதே குணம் உண்டு என்று ஆய்வேட்டில் எழுதிய மூலிகைக்கு ஒன்றும் இல்லை. எழுதியவரே அந்த வரியை முழுதாக நம்பவில்லையோ என்று தோன்றுகிறது.

நீச்சல் சோதனைக்கு எதிராக வெளிநாடுகளில் காற்று மாறிவிட்டது. பெரிய மருந்துக் கம்பெனிகள் பல இதை விட்டுவிட்டதாக அறிவித்துவிட்டன. 2023-இல் பிரிட்டன் அரசின் விலங்கு ஆய்வு ஆலோசனைக் குழு, இதை மனச்சோர்வின் மாதிரியாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2024-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சட்டம் போட்டே தடுத்தது. விலங்கு நல இயக்கங்களின் அழுத்தம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. எலிமேல் இரக்கம் இல்லாதவருக்கும் இந்தச் சோதனையைக் கைவிடக் காரணம் இருக்கிறது என்பதே என் வாதம்.

இந்தியாவிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் 2023-இல் திருத்தப்பட்டு, விலங்கு இல்லாத முறைகளுக்கும் இடம் கிடைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனித மூளைத் திசு வங்கி இருக்கிறது. எம்.பார்ம். மாணவருக்கு இரண்டு ஆண்டில் ஆய்வேடு முடிய வேண்டும், பெட் ஸ்கேனுக்குப் பணம் கிடையாது என்பதும் தெரியும். ஆனால் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் அளவில் சிகிச்சை பெறவில்லை என்று சொன்னது. பெறுபவர்களில் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? கூடவே என்ன சூரணம், என்ன கஷாயம் சாப்பிடுகிறார்கள்? அதை மருத்துவரிடம் சொல்கிறார்களா? இவற்றைக் கேட்க ஒரு குறிப்பேடும் மாவட்ட அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாற்காலியும் போதும். ஆய்வேட்டுக்கு வேண்டிய விஷயம் அங்கே குவிந்து கிடக்கிறது.

அதுவரை செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. எந்தக் கல்லூரியிலும் விலங்கைத் தொடுவதற்கு முன் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் கொடுத்தாக வேண்டும். விலங்கு ஏன் தேவை, ஏன் இத்தனை விலங்கு என்று அதில் கேட்கிறார்கள். போன ஆண்டு மாணவர் எழுதிய பதிலையே இந்த ஆண்டு மாணவரும், மூலிகையின் பெயரை மட்டும் மாற்றி, அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால், படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் குழுவுக்கு இப்போதே இருக்கிறது. புதிய சட்டம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை.